புண்ணை வெட்டினால் போதுமா? முகத்தை யார் திருப்பித் தருவது?

மூக்கின் ஓரத்தில் ஒரு சிறு பரு. மாதம் ஒன்றாகியும் ஆறவில்லை. மேலே பொருக்குக் கட்டுகிறது, உதிர்கிறது, கொஞ்சம் ரத்தம் கசிகிறது, மறுபடியும் பொருக்குக் கட்டுகிறது. நம்மவர்கள் என்ன செய்வார்கள்? முதலில் மஞ்சளும் வேப்பிலையும். பிறகு மருந்துக் கடையில் கேட்டு வாங்கிய களிம்பு. அதற்கும் அடங்காவிட்டால் மேலே ஒரு பிளாஸ்திரி. இப்படியே ஒரு வருடம் ஓடிவிடும். கடைசியில் டாக்டரிடம் போய், "இது தோல் புற்றுநோயாக இருக்கலாம், வெட்டி எடுக்க வேண்டும்" என்று அவர் சொன்ன மறு நிமிடம் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே வந்துவிடுவார்கள்.

இப்படி ஓடுகிறவர்களில் பலருக்குச் சாவைப் பற்றிய பயத்தைவிட முகத்தைப் பற்றிய பயமே பெரிது. மூக்கில்லாமல் மகள் கல்யாணத்தில் எப்படி நிற்பது? உதடு போன வாயோடு நாலு பேருக்கு முன்னால் எப்படிச் சாப்பிடுவது? இந்தக் கேள்விகளைப் பாமரத்தனம் என்று ஒதுக்கித் தள்ளுவது சுலபம். ஆனால் இவற்றுக்கு வைத்திய உலகத்திடம் தெளிவான பதில் இருக்கிறது. அந்தப் பதிலை நோயாளியிடம் முதல் நாளே சொல்லாமல் விடுவதுதான் குறை. வெட்டுவதும், வெட்டிய இடத்தை மூடிச் சீராக்குவதும் ஒரே சிகிச்சையின் இரண்டு பாதிகள். முதல் பாதியை மட்டும் சிகிச்சை என்றும், இரண்டாவது பாதியை அழகுக்காகச் செய்யும் ஆடம்பரம் என்றும் பிரித்துப் பார்க்கும் வரை நோயாளிகள் ஓடிக்கொண்டுதான் இருப்பார்கள்.

கறுத்த தோலுக்கு வருமா?

"இது வெள்ளைக்காரர்களுக்கு வரும் வியாதி, நமக்கு வராது" என்று படித்தவர்களே சொல்லக் கேட்கிறோம். இதில் பாதி உண்மை. வெயிலில் உள்ள புற ஊதாக் கதிர்களைத் தடுக்கும் மெலனின் என்ற நிறமி நம் தோலில் அதிகம். ஆஸ்திரேலியாவில் குடியேறிய வெள்ளையர்களிடம் இந்த நோய் மலிந்து கிடப்பதற்கும், நம்மிடம் குறைவாக இருப்பதற்கும் அதுவே காரணம். ஆனால் குறைவு என்றால் இல்லை என்று அர்த்தமாகாது.

தோல் புற்றுநோயில் முக்கியமானவை மூன்று. முதலாவது 'பேசல் செல்' வகை. பெரும்பாலும் முகத்தில் வரும். மெதுவாக வளரும். உடலின் வேறு பாகங்களுக்குப் பரவுவது மிக அபூர்வம். ஆனால் இருந்த இடத்தையே எலி கரம்புவதுபோல் அரித்து, எலும்பு வரை போய்விடும். பழைய டாக்டர்கள் இதை எலிப்புண் என்றே அழைத்தார்கள். இரண்டாவது 'ஸ்குவாமஸ் செல்' வகை. இது நெறிகட்டிகளுக்குப் பரவக் கூடியது. மூன்றாவது மெலனோமா. இதுவே மிகவும் பொல்லாதது. கறுத்த தோல் உள்ளவர்களுக்கு இது வெயில் படும் முகத்தைவிட உள்ளங்காலிலும், உள்ளங்கையிலும், நகத்தின் அடியிலும்தான் அதிகமாக வருகிறது. ஜமைக்கா நாட்டின் புகழ்பெற்ற பாடகர் பாப் மார்லிக்கு 1977இல் கால் விரல் நகத்தடியில் கண்டுபிடிக்கப்பட்டது இதுதான். 1981இல் அவர் இறந்தபோது வயது 36.

இந்த நோய்க்கு வெயிலைத் தவிர வேறு வாசல்களும் உண்டு. காஷ்மீரில் குளிருக்காகக் 'காங்ரி' என்ற கனல் சட்டியை அங்கிக்குள் வைத்துக்கொள்கிறவர்களுக்கு வயிற்றிலும் தொடையிலும் புற்று வருவது வைத்திய நூல்களில் பதிவாகியிருக்கிறது. இடுப்பில் வேட்டியும் சேலைப் பாவாடையின் நாடாவும் வருடக் கணக்கில் இறுக்கி உரசும் இடத்தில் வரும் புற்றும் அப்படியே. புகைக்கரி தோலில் படிந்து புற்று உண்டாக்குவதை லண்டன் டாக்டர் பெர்சிவல் பாட், புகைபோக்கி துடைக்கும் தொழிலாளர்களிடம் 1775லேயே கண்டு சொன்னார். நம் வீடுகளில் மிகவும் கவனிக்க வேண்டியது பழைய தீக்காயத் தழும்பு. ஸ்டவ் வெடித்தோ, கொதிநீர் கொட்டியோ, எப்போதோ வெந்த இடத்தில் பல வருடங்களுக்குப் பிறகு திடீரென்று புண் கிளம்பி ஆறாமல் நின்றால், அது புற்றாக இருக்கக் கூடும். குஷ்டரோகத்தால் உணர்ச்சியற்றுப்போன பாதத்தில் நெடுநாள் ஆறாத புண்ணுக்கும் இது பொருந்தும். இவை பெரும்பாலும் ஏழைகளின் புண்கள் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

கத்தி பட்டால் பரவுமா?

"கத்தி பட்டால் புற்று பரவிவிடும்" என்ற நம்பிக்கை தமிழர், தெலுங்கர், உருது பேசுவோர் என்ற பேதமில்லாமல் எல்லோரிடமும் வேரூன்றியிருக்கிறது. சந்தேகமான புண்ணிலிருந்து சிறு துணுக்கை எடுத்து மைக்ராஸ்கோப்பில் பார்க்கும் பயாப்ஸி சோதனையால் தோல் புற்று பரவுவதில்லை. வெட்டாமல் மாதக் கணக்கில் வைத்திருப்பதால்தான் அது வளர்கிறது, பரவுகிறது. முற்றிய பிறகு ஆஸ்பத்திரிக்குப் போனவர் ஆபரேஷனுக்குப் பின் இறந்தால், பழி கத்தியின் மேல் விழுகிறது. தாமதத்தின் மேல் விழுவதில்லை.

வெட்டுவதிலும் ஒரு கணக்கு உண்டு. கண்ணுக்குத் தெரியும் புண்ணை மட்டும் எடுத்தால் போதாது. அதைச் சுற்றி நல்ல தோலாகத் தெரியும் பகுதியிலும் நோயின் வேர் இருக்கலாம். ஆகவே சிறிய, சாதுவான பேசல் செல் புற்றுக்கே சுற்றிலும் சுமார் 4 மில்லிமீட்டர் சேர்த்து எடுக்கிறார்கள். மெலனோமாவுக்கு அதன் தடிமனைப் பொறுத்து 1 முதல் 2 சென்டிமீட்டர் வரை எடுக்க வேண்டியிருக்கும். எடுத்த துண்டின் விளிம்புகளைச் சோதித்து, ஓரத்தில் நோய் இல்லை என்று தெரிந்த பிறகே திருப்தியடைவார்கள். அமெரிக்க டாக்டர் பிரெடரிக் மோஸ் 1930களில் வகுத்த முறையில், மெல்லிய அடுக்காக எடுத்து, உடனுக்குடன் விளிம்பு முழுவதையும் சோதித்து, நோய் மிஞ்சிய இடத்தில் மட்டும் மேலும் எடுக்கிறார்கள். கண்ணிமை, மூக்கு நுனி போன்ற, ஒரு மில்லிமீட்டரும் விலை மதிப்புள்ள இடங்களுக்கு இது உகந்தது.

இந்தக் கணக்கின் விளைவு என்ன? பட்டாணி அளவுப் புண்ணை எடுத்தால் ரூபாய் நாணயம் அளவுக்குக் குழி விழும். முகத்தில் அந்தக் குழியை எப்படி மூடுவது என்று தெரியாத சர்ஜன் என்ன செய்வார்? மனிதர்தானே, கை கூசும். கொஞ்சம் குறைத்து வெட்டலாமே என்று தோன்றும். குறைத்து வெட்டிய இடத்தில் நோய் திரும்ப முளைக்கும். இரண்டாவது முறை வெட்டும்போது குழி இன்னும் பெரிதாகும். மாறாக, எவ்வளவு பெரிய குழியானாலும் மூடித் தரப் பக்கத்தில் ஒருவர் இருக்கிறார் என்ற தைரியம் உள்ள சர்ஜன் தேவையான அளவுக்குத் தாராளமாக வெட்டுவார். சீரமைப்பு வசதி இருக்கும் இடத்தில் நோயை அறுத்தெடுக்கும் வேலையும் முழுமையாக நடக்கிறது. அதை ஆடம்பரம் என்று தள்ளக் கூடாது என்பதற்கு இது ஒன்றே போதும்.

மூக்கைத் திருப்பித் தந்த நாடு

பிளாஸ்டிக் சர்ஜரி என்றதும் ஏதோ பிளாஸ்டிக் தகட்டை முகத்தில் ஒட்டுவார்கள் என்று நினைக்கிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். 'உருவம் கொடுத்தல்' என்ற பொருளுள்ள கிரேக்கச் சொல்லிலிருந்து வந்த பெயர் அது. வாளிக்கும் பக்கெட்டுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. ஒட்டுவது நோயாளியின் சொந்தத் தோலையே.

முறைகள் பல. சிறு காயமானால் இரு ஓரங்களையும் இழுத்துத் தைத்துவிடலாம். சற்றுப் பெரிதானால் தொடையிலிருந்து மெல்லிய தோலைச் சீவி எடுத்து ஒட்டுவார்கள். முகத்துக்கானால் நிறம் ஓரளவு பொருந்த வேண்டுமே என்று காதின் பின்புறத்திலிருந்து எடுப்பதும் உண்டு. ஆனால் ஒட்டுத் தோல் பிழைக்க அடியில் ரத்த ஓட்டமுள்ள தசை வேண்டும். எலும்பு வெளியே தெரிந்தால் ஒட்டுப் பிடிக்காது. அங்கே பக்கத்திலுள்ள தோலை, அதன் ரத்தக் குழாயோடு, ஒரு பக்கம் அறுக்காமல் திருப்பிப் போட்டு மூட வேண்டும். இதையே டாக்டர்கள் 'பிளாப்' என்கிறார்கள். தாடை போன்ற பெரிய இடமானால் முன்கையிலிருந்தோ தொடையிலிருந்தோ தோலையும் தசையையும் முழுவதுமாகப் பெயர்த்து எடுத்து, மைக்ராஸ்கோப் உதவியுடன் முடியை விட மெல்லிய நூலால் ரத்தக் குழாய்களைக் கழுத்துக் குழாய்களோடு இணைத்துத் தைக்கிறார்கள்.

மூக்குக்குக் கைகொடுப்பது நெற்றித் தோல். நெற்றியிலிருந்து ஒரு பட்டையை, புருவத்தருகே உள்ள ரத்தக் குழாயோடு சேர்த்து, கீழே திருப்பி மூக்கின் மேல் பொருத்துவார்கள். சுமார் மூன்று வாரங்கள் புருவத்திலிருந்து மூக்குக்கு ஒரு தோல் பாலம் இருக்கும். மூக்கில் புது ரத்த ஓட்டம் ஏற்பட்ட பிறகு பாலத்தை வெட்டிவிடுவார்கள். அந்த மூன்று வாரம் கண்ணாடி பார்க்கவே பிடிக்காது. இதை முன்கூட்டிச் சொல்லாவிட்டால் நோயாளி நொந்துபோவார், சொன்னால் பொறுத்துக்கொள்வார்.

இந்த நெற்றித் தோல் முறைக்கு உலக வைத்திய நூல்களில் 'இந்திய முறை' என்றே பெயர். சுசுருதர் பெயரால் வழங்கும் பழைய நூல், இலை ஒன்றை மூக்கின் அளவுக்கு வெட்டி வைத்துக்கொண்டு, அந்த அளவில் கன்னத் தோலை எடுத்து மூக்கு அமைப்பதை விவரிக்கிறது. பிற்காலத்தில் நெற்றித் தோலைக் கொண்டு செய்யும் முறை பரம்பரைக் கைவேலையாக வழங்கி வந்தது. 1792இல் முடிந்த மைசூர் யுத்தத்தில் ஆங்கிலேயப் படைக்கு மாட்டுவண்டி ஓட்டிய கவாஸ்ஜி என்ற மராட்டியர் திப்பு சுல்தானின் படையிடம் பிடிபட்டு, மூக்கும் ஒரு கையும் அறுபட்டார். நம் நிஜாமின் படையும் ஆங்கிலேயருடன் சேர்ந்து நின்ற யுத்தம் அது. புனாவுக்கு அருகில் செங்கல் செய்யும் ஜாதியைச் சேர்ந்த ஒருவர் நெற்றித் தோலை எடுத்து அவருக்கு மூக்கு அமைத்துக் கொடுத்தார். இந்தச் செய்தி 1794இல் லண்டன் 'ஜென்டில்மேன்ஸ் மேகஸின்' பத்திரிகையில் வெளிவந்தது. அதைப் படித்த கார்ப்யூ என்ற ஆங்கில சர்ஜன் 1814இல் லண்டனில் அதே முறையைச் செய்து காட்டினார். அங்கிருந்துதான் ஐரோப்பா முழுவதும் பரவியது.

கார்ப்யூ காலத்தில் மயக்க மருந்து கிடையாது. அது வந்த பிறகு, குளோரோபாம் கொடுத்தால் இதயம் முதலில் நிற்குமா, சுவாசம் முதலில் நிற்குமா என்று எழுந்த சர்ச்சையைத் தீர்க்க 1888லும் 1889லும் ஆராய்ச்சிக் கமிஷன்கள் கூடியது நம் ஹைதராபாத்தில்தான். ரெசிடென்சி சர்ஜன் எட்வர்ட் லாரி நடத்த, ஆறாவது நிஜாம் பணம் கொடுத்தார். கமிஷனின் முடிவு பிற்காலத்தில் திருத்தப்பட்டது என்றாலும், உலகமே ஹைதராபாத்தைத் திரும்பிப் பார்த்தது உண்மை. மூக்கமைக்கும் கலை பிறந்த நாட்டில், மயக்க மருந்தை ஆராய்ந்த நகரில், ஒருவர் முகம் போகுமே என்று பயந்து உயிரை விடுகிறார் என்றால் அதைவிட வெட்கம் வேறு இல்லை.

ஆடம்பரமா, அவசியமா?

"முதலில் உயிர், பிறகு அழகு. ஏழை நாட்டில் ஆபரேஷன் தியேட்டர் கிடைப்பதே கஷ்டம். ஒரு மூக்குக்கு மூன்று முறை தியேட்டரைக் கொடுத்தால் காத்திருக்கும் மற்றவர்களின் கதி என்ன?" என்று கேட்கிறவர்கள் உண்டு. இந்தக் கேள்வியில் நியாயம் இல்லாமல் இல்லை. தள்ளாத வயதினருக்கு நீண்ட ஆபரேஷன் ஆகாது. சிலருக்குக் கதிர்வீச்சு சிகிச்சையே உகந்தது. விளிம்புச் சோதனை முடிவு வரும் வரை பெரிய பிளாப் போடாமல் காத்திருப்பதும் சில சமயம் புத்திசாலித்தனம், அடியில் நோய் மிஞ்சியிருந்தால் மேலே மூடிய தோல் அதை மறைத்துவிடும்.

ஆனால் இதை வெறும் அழகு என்று சொல்வதை ஒப்புக்கொள்ள முடியாது. கண்ணிமை போனால் கண் மூடாது. மூடாத கண் வறண்டு, விழிப்படலம் புண்ணாகி, பார்வையே போய்விடும். கீழுதடு போனால் எச்சில் நிற்காது, குடித்த காப்பி வாயில் தங்காது, பேச்சு குழறும். உள்ளங்காலில் சரியான தோல் போடாவிட்டால் நடந்த இடமெல்லாம் மறுபடியும் புண். கண், வாய், கால் இவை மூன்றும் இல்லாமல் எந்தக் கூலிக்காரன் வேலை செய்ய முடியும்?

வேலூரில் டாக்டர் பால் பிராண்ட் காட்டிய பாடம் இதுவே. 1946இல் அங்கு வந்த அவர், நோய் குணமான குஷ்டரோகிகளுக்கும் மடங்கிய விரல்களைப் பார்த்து யாரும் வேலை தருவதில்லை என்று கண்டார். தசைநாரை மாற்றிக் கட்டிக் கையை நிமிர்த்தினார், தட்டையான மூக்கையும் உதிர்ந்த புருவத்தையும் சீராக்கினார். கிருமி ஒழிந்தது மட்டும் குணம் ஆகாது, மனிதன் மறுபடியும் மனிதர்கள் நடுவே போய் நிற்க வேண்டும். புற்றுநோய்க்கும் இதே நியாயம்தான்.

இன்ஷூரன்ஸ் விஷயத்தில் சட்டமும் இந்தப் பக்கமே நிற்கிறது. அழகுக்கான ஆபரேஷனுக்குப் பணம் கிடையாது என்று மருத்துவ இன்ஷூரன்ஸ் பாலிசிகளில் ஒரு ஷரத்து உண்டு. ஆனால் இன்ஷூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையம் 2019இல் வகுத்த விதிகளில், விபத்து, தீக்காயம், புற்றுநோய் ஆகியவற்றுக்குப் பின் செய்யும் சீரமைப்புக்கு அந்த விலக்கு பொருந்தாது என்று தெளிவாகவே சொல்லியிருக்கிறது. "பிளாஸ்டிக் சர்ஜரிக்குப் பணம் இல்லை" என்று யாராவது கையை விரித்தால், பாலிசியை எடுத்து அந்த வரியைக் காட்ட வேண்டும்.

இரட்டை நகரங்களில் நம்மவர்

செகந்திராபாத் கண்டோன்மென்ட் காலத்திலிருந்து தலைமுறைகளாக இருக்கும் குடும்பங்களாகட்டும், வேலை மாற்றலாகி வந்து மாரேட்பள்ளி, மல்காஜ்கிரி, தார்நாகாவில் குடியிருப்பவர்களாகட்டும், புற்றுநோய் என்றதும் தமிழர் மனம் ஊரை நினைக்கிறது. 1954இல் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி தொடங்கி, டாக்டர் கிருஷ்ணமூர்த்தியும் டாக்டர் சாந்தாவும் வளர்த்த அடையாறு ஆஸ்பத்திரியின் பெயர் அப்படி. போவதில் தவறில்லை. ஆனால் பயாப்ஸி எடுப்பதற்கே ஊருக்குப் போக வேண்டும், அதற்கு லீவு வேண்டும், தீபாவளி கழியட்டும் என்று நாளைக் கடத்துவதுதான் தவறு.

இங்கேயே ரெட் ஹில்ஸில் எம்.என்.ஜே. புற்றுநோய் ஆஸ்பத்திரி இருக்கிறது. ஹைதராபாத் ராஜ்யத்தில் மந்திரியாக இருந்து, பின்னர் குஜராத்தின் முதல் கவர்னரான மெஹ்தி நவாஸ் ஜங் முயற்சியால் 1955இல் தோன்றியது. பஞ்சாரா ஹில்ஸில் பசவதாரகம் ஆஸ்பத்திரி 2000த்திலிருந்து நடந்து வருகிறது. உஸ்மானியாவிலும் நிம்ஸிலும் பிளாஸ்டிக் சர்ஜரிப் பிரிவுகள் உண்டு. ரயில்வே குடும்பங்களுக்கு லாலாகுடா மத்திய ஆஸ்பத்திரி இருக்கிறது. ஏழைகளுக்கு 2007இல் தொடங்கிய ஆரோக்யஸ்ரீ திட்டத்தில் புற்றுநோய் ஆபரேஷன்களும் அடங்கும். தெலங்கானாவில் அதன் உச்சவரம்பு 2023 டிசம்பரில் 10 லட்சம் ரூபாயாக உயர்த்தப்பட்டது.

ஊருக்கே போவதென்று முடிவு செய்தவர்களுக்கு, ரயில்வேயில் இருப்பவன் என்ற முறையில் ஒரு தகவல். புற்றுநோயாளி சிகிச்சைக்கோ மறு பரிசோதனைக்கோ போகும்போது, ஸ்லீப்பரிலும் ஏ.சி. மூன்றடுக்கிலும் அடிப்படைக் கட்டணம் முழுவதும் சலுகை. உடன் செல்லும் ஒருவருக்கு அதே வகுப்புகளில் 75 சதவீதம். இரண்டாம் வகுப்பில் இருவருக்குமே 75 சதவீதம். ஆஸ்பத்திரியில் அதற்குரிய படிவத்தில் சர்டிபிகேட் வாங்கி வர வேண்டும். 2020இல் பல சலுகைகள் நிறுத்தப்பட்டபோதும் இது நிறுத்தப்படவில்லை. இது தெரியாமல் முழுக் கட்டணம் கொடுத்துப் போகிறவர்களைக் கவுண்ட்டரில் பார்க்கும்போது மனம் வேதனைப்படுகிறது.

செய்ய வேண்டியவை

அரசாங்கம் செய்ய வேண்டியது: தோல் புற்றுக்கு ஆபரேஷன் செய்யும் ஒவ்வொரு பெரிய ஆஸ்பத்திரியிலும், வெட்டுவதற்கு முன்பே புற்றுநோய் சர்ஜனும் பிளாஸ்டிக் சர்ஜனும் சேர்ந்து நோயாளியைப் பார்க்க ஏற்பாடு வேண்டும். ஒரு கட்டிடத்தில் வெட்டி, இன்னொரு கட்டிடத்துக்குச் சீட்டு எழுதி அனுப்பும் நிலை எங்கிருந்தாலும் ஒழிய வேண்டும்.

டாக்டர்கள் செய்ய வேண்டியது: "வெட்ட வேண்டும்" என்று சொல்லும் அதே வாயால், "வெட்டிய இடத்தை இப்படி மூடுவோம், தழும்பு இவ்வளவு இருக்கும், இத்தனை நாளாகும்" என்றும் சொல்ல வேண்டும். முன்பு செய்துகொண்டவர்கள் சம்மதித்தால் அவர்களுடைய போட்டோக்களைக் காட்டலாம். பழைய முகம் அப்படியே வந்துவிடும் என்று பொய் சொல்ல வேண்டாம். வெளியே தலைகாட்டக் கூடிய முகம் இருக்கும் என்பதே நோயாளிக்குப் போதுமான ஆறுதல்.

நாம் செய்ய வேண்டியது: தெலுங்கோ உருதுவோ சரளமாக வராத வயதான தாய்மார்கள் ஆஸ்பத்திரியில் ஊமைகளைப்போல் நிற்கிறார்கள். நம் சங்கங்கள் ஆண்டு விழாவுக்குச் செலவிடும் உழைப்பில் ஒரு பங்கை இதற்கு ஒதுக்கி, கூடப் போய்ப் பேசித் தர இரண்டு இளைஞர்களை அனுப்பலாம். கட்டுப்போட்ட முகத்தைக் கண்டதும், "தொத்துமோ?" என்று நாற்காலியைத் தள்ளிப் போடுவதையும் நிறுத்த வேண்டும். புற்றுநோய் தொத்தாது.

நான்கு வாரத்தில் ஆறாத புண், பழைய தழும்பில் கிளம்பும் புண், வளர்ந்து நிறமும் ஓரமும் மாறும் மச்சம், நகத்தடியில் புதிதாகத் தோன்றி அகலமாகும் கறுப்புக் கோடு. இவற்றில் எது கண்ணில் பட்டாலும் களிம்பைத் தேடாமல் டாக்டரைத் தேடுங்கள். சிறிதாக இருக்கும்போதே வந்தால் சிறிதாக வெட்டி, இழுத்துத் தைத்து அதிக நாள் தங்காமல் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். தாமதிக்கிறவருக்குத்தான் நெற்றித் தோலும், மூன்று வாரப் பாலமும் தேவைப்படும். அதற்குப் பிறகும் தாமதிக்கிறவருக்கு எந்த சர்ஜனும் உதவ முடியாது.